அனுபவம் கேட்கும் முதல் வேலை

தமிழ்நாட்டில் கல்லூரி வயதை எட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள். 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இந்தச் சாதனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு சில எண்களும் உண்டு. 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில் இருந்த இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான அந்தப் பணிகளுக்குப் பொறியியல் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். 2019இல் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்த ஏழாயிரம் பேரில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் இருந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். ஏழைகளால் வேலையின்றி வீட்டில் இருக்க முடியாது என்பது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், பி.இ. முடித்தவர் தன் துறையில் ஒரு தொடக்க வேலைக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதற்கு விளக்கம் கிடைக்காது. பட்டதாரியைத் தொழில் தெரிந்தவராக மாற்றும் முதல் ஓராண்டுப் பொறுப்பை நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன, அந்தப் பொறுப்பை வேறு யாரும் ஏற்கவும் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை வைக்கும் விளக்கம். தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகளின் நிலையைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அந்த முதல் ஆண்டில் என்ன நடக்கும் என்று சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். சிவில் முடித்த ஒருவர் கான்கிரீட்டின் வலிமையைப் பற்றிக் கல்லூரியில் கணக்குப் போட்டிருப்பார். கட்டுமான இடத்தில் அவர் கற்க வேண்டியவை வேறு: ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் கலவையின் இளக்கத்தை ஸ்லம்ப் சோதனையில் பார்ப்பது, 150 மில்லிமீட்டர் கியூப்களில் மாதிரி நிரப்பி 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பது, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, பார் பெண்டிங் ஷெட்யூலில் உள்ளதும் கட்டியிருப்பதும் ஒன்றா என்று எண்ணுவது, எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் பதிவது, தன்னைவிட இருபது வயது மூத்த மேஸ்திரியிடம் தவறைச் சுட்டிக்காட்டித் திருத்த வைப்பது. மெக்கானிக்கல் படித்தவருக்கும் அப்படித்தான். ஷிஃப்ட் மாறியதும் முதல் உருப்படியை அளந்து பார்த்து மெஷினை ஓடவிடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது, ரிஜெக்‌ஷன் கூடும்போது குற்றம் டூலிலா, மூலப்பொருளிலா, ஆளிடமா என்று பிரித்தறிவது ஆகியவற்றை எந்த ஆய்வகமும் முழுமையாகக் கற்றுத் தராது. இவையெல்லாம் தவறினால் விலை கொடுக்க வேண்டிய சூழலில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே வசப்படுகின்றன. மருத்துவக் கல்வி இதை ஏற்று, ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் காலத்தைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக வைத்திருக்கிறது. பொறியியலில் அந்த ஓராண்டை நிறுவனங்கள் தம் செலவில் தரும் என்பது எழுதப்படாத ஏற்பாடாக இருந்தது. ஜி.இ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டதாரிப் பொறியாளர் பயிற்சிப் பணிதான் அந்த ஏற்பாட்டின் வடிவம்.

அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் பொதுத்துறை நிறுவனங்களும் நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்ட பெரிய தனியார் ஆலைகளும்தான். நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் திருச்சி பெல் ஆலையும் பல தலைமுறைப் பொறியாளர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தன. அங்கே கற்றவர்கள் வெளியே வந்து சிறு ஆலைகள் தொடங்கியபோது அந்தத் திறன் வட்டாரம் முழுவதும் பரவியது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2013 மார்ச்சில் 17.3 லட்சம் பேர் பணியாற்றினார்கள். 2022 மார்ச்சில் அது 14.6 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர்களின் பங்கு ஐந்தில் ஒன்று என்ற நிலையிலிருந்து ஐந்தில் இரண்டுக்கும் மேல் ஏறியது. பதிவுபெற்ற தொழிற்சாலைகளிலும் இதுவே போக்கு: 2022-23ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் ஆய்வின்படி தொழிலாளர்களில் சுமார் 40 சதவீதத்தினர் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள். வேலையைத் துண்டு துண்டாக்கி ஒப்பந்ததாரரிடமும் துணை ஒப்பந்ததாரரிடமும் கொடுக்கும்போது முதலில் காணாமல் போவது கற்றுக்கொள்பவருக்கான இடம்தான். ஆறு மாதத்தில் ஒரு தளத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய துணை ஒப்பந்ததாரருக்குக் கற்றுக்கொடுக்க நேரமும் கிடையாது, லாபமும் கிடையாது. மேற்பார்வைப் பணிக்குக் குறைந்த சம்பளத்தில் டிப்ளமோ முடித்தவர் கிடைக்கிறார். அதற்கு மேலான பணிக்கு மூன்றாண்டு அனுபவமுள்ளவரை இன்னொரு நிறுவனத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புதிதாகப் பட்டம் பெற்றவர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நடு இடம்தான் காலியாகிவிட்டது.

சுமார் கால் நூற்றாண்டுக் காலம் இந்த வெற்றிடத்தை மறைத்து வைத்தது தகவல் தொழில்நுட்பச் சேவைத் துறை. சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் என்று எந்தப் பிரிவில் படித்தவரையும் கேம்பஸ் தேர்வில் எடுத்து, சில மாதங்கள் சம்பளத்தோடு பயிற்சி தந்து, புரோகிராமராக மாற்றிக் காட்டியது அந்தத் துறை. இன்ஃபோசிஸ் இதற்காகவே மைசூரில் ஒரு பெரிய வளாகத்தைக் கட்டியது. இந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது: எந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களை மற்ற தொழில்கள் தகுதியற்றவர்கள் என்று தள்ளினவோ, அதே கல்லூரிகளின் மாணவர்கள் முறையான பயிற்சி கிடைத்ததும் உலக நிறுவனங்களின் வேலைகளைச் செய்தார்கள். ஆனால் அந்த வாசலும் குறுகிவருகிறது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை 2023-24 நிதியாண்டில் மட்டும் 60,000க்கு மேல் குறைந்தது. 2022இல் பணி ஆணை பெற்ற பலர் சேரும் தேதி தெரியாமல் மாதக்கணக்கில், சிலர் ஈராண்டு வரையிலும்கூடக் காத்திருந்தார்கள். தொடக்கநிலைச் சம்பளமோ பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த பணிகளில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டோரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அதே பணிகளில் இருந்த மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. அனுபவசாலியை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்பவரைத் தவிர்க்கும் போக்கு எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகிவருகிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுப்பு, பட்டதாரிகளிடம் திறன் இல்லை என்பது. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே பட்டதாரிகளில் 51.25 சதவீதத்தினர் மட்டுமே வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற மதிப்பீட்டை எடுத்தாண்டது. கல்லூரிகளின் தரம் குறித்த புகாரில் உண்மை இருக்கிறது. அதை மூடி மறைப்பது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளின் பதிவேட்டில் முழுநேர ஆசிரியராக இருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. 353 பேர் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் காட்டப்பட்டிருந்ததாக அது பட்டியலிட்டது. ஆசிரியரே இல்லாத வகுப்பில் படித்தவரிடம் அடிப்படை பலவீனமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் திறன் குறைபாடு என்ற வாதம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. பாடத்தின் அடிப்படை தெரியாமலிருப்பது கல்லூரியின் தோல்வி. வேலையின் நுணுக்கம் தெரியாமலிருப்பது வேலைக்குப் போகாததன் விளைவு. தொடக்கநிலைப் பணிக்கான விளம்பரத்தில் இரண்டாண்டு அனுபவம் கேட்கும் நிறுவனம் கல்லூரியின் தோல்வியைத் திருத்தக் கேட்கவில்லை. வேறு யாரோ கற்றுக்கொடுத்து முடித்த ஆளைக் கேட்கிறது. நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை அது. எல்லா நிறுவனங்களும் அதையே கேட்டால் அந்த இரண்டாண்டு அனுபவத்தைத் தரப்போவது யார் என்ற கேள்விக்கு விடையே இல்லை.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. 1980களின் நடுவில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அவை பெருகி, ஒரு கட்டத்தில் ஐந்நூற்றைத் தாண்டின. இத்தனை பேரை எந்தச் சந்தை தாங்கும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: குறைப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது. பத்தாண்டுகளில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகள் ஆளின்றிச் சுருங்கின. எண்ணிக்கைதான் சிக்கல் என்றால், அந்தப் பிரிவுகளில் படித்து வெளிவரும் குறைந்த எண்ணிக்கையினருக்காவது முறையான பயிற்சிப் பணிகள் காத்திருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மாறாக, மாணவர்கள் மொத்தமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். நல்ல தரநிலையுள்ள கல்லூரிகளுக்கான இட உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் நீக்கியதும் அந்தச் சாய்வு இன்னும் கூடியது. பதினேழு வயதில் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர் அன்றைய சந்தையைப் பார்க்கிறார். அவர் வேலை தேடப்போவது நான்காண்டுகளுக்குப் பிந்தைய சந்தையில். இடங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தக் கால இடைவெளியைத் தீர்க்காது. தவிரவும், இடங்களைக் குறைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது கிராமத்து மாணவர்களும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளும்தான். 2007இல் நுழைவுத் தேர்வை நீக்கி, 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை தந்து, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் அளித்து அவர்களை உள்ளே அழைத்த மாநிலம், வேலைவாய்ப்புச் சிக்கலைக் காரணம் காட்டிக் கல்லூரிக் கதவைச் சாத்தக் கூடாது.

எந்த வேலையானாலும் சேர்ந்துகொண்டு, பிறகு தன் துறைக்கு மாறிக்கொள்ளலாமே என்பது மூன்றாவது வாதம். வீட்டு நெருக்கடி காரணமாக உணவு டெலிவரிக்கோ கால் சென்டருக்கோ போகிறவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது தற்காலிகம் என்ற நம்பிக்கையைச் சான்றுகள் ஆதரிப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்ட்ராடா, பர்னிங் கிளாஸ் ஆகிய அமைப்புகள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பட்டம் தேவைப்படாத வேலையில் தொடங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்தாண்டுகள் கழித்தும் அத்தகைய வேலையிலேயே இருந்ததைக் காட்டியது. கனடாவில் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் பட்டம் பெற்றவர்களின் வருமான இழப்பு மறைய ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்ததைப் பிலிப் ஓரியோபோலஸும் அவரது சக ஆய்வாளர்களும் 2012இல் நிறுவினார்கள். வேலையின்மைக் காப்பீடும் மறுபயிற்சி வசதியும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இதுவென்றால், இரண்டும் பரவலாக இல்லாத இங்கே இழப்பு அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. நம் ஊரில் படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விழும் ஓராண்டு இடைவெளியையே நேர்முகத் தேர்வில் குற்றம்போல விசாரிக்கிறார்கள். துறைக்கு வெளியே மூன்றாண்டு வேலை பார்த்தவர் திரும்பி வந்தால் அவரைப் புதியவராகவும் ஏற்பதில்லை, அனுபவசாலியாகவும் ஏற்பதில்லை.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணமே இவற்றில் வலுவானது. கற்றுக்கொடுத்த பிறகு ஆள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் செலவழித்த பணத்துக்கு என்ன பலன்? எங்கும் பயன்படும் பொதுத் திறனுக்கான செலவை நிறுவனம் ஏற்காது, கற்பவர்தான் ஏற்க வேண்டியிருக்கும் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964இலேயே வாதிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனத்தின் தயக்கமும் நியாயமானது. ஆனால் எல்லோரும் அப்படியே தயங்கும்போது, பத்தாண்டுகள் கழித்து அனுபவமுள்ள பொறியாளர் கிடைக்கவில்லை என்று புலம்பப்போவதும் அதே நிறுவனங்கள்தான். தனியார் ஒவ்வொருவரின் நியாயமும் சேர்ந்து பொதுத் தீங்காகும் இப்படிப்பட்ட இடத்தில்தான் சட்டத்துக்கு வேலை இருக்கிறது. அந்தச் சட்டம் இந்தியாவில் இல்லாமலும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் அவர்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியிலேயே இயங்குகிறது. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019இல் வகுக்கப்பட்டது; அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும். ஆனால் பயிற்சி முடித்தவரைப் பணியில் அமர்த்துவது குறித்த கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்று 2014ஆம் ஆண்டுத் திருத்தம் விட்டுவிட்டது. ஓராண்டில் பழகுநர் என்ன கற்றார் என்பதை அக்கறையோடு சோதிக்கும் ஏற்பாடும் வலுவாக இல்லை. அதனால் கற்பிக்க வேண்டிய இடம், பல ஆலைகளில் மலிவான உழைப்புக்கான இடமாகிவிடுகிறது. இந்த அளவு உதவித்தொகையில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட்டு, வீட்டுக்கும் பணம் அனுப்ப முடியாது என்பதால் அந்த இடத்தையும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ள நேர்கிறது.

நிறுவனம் கைவிட்ட செலவு மறைந்துவிடவில்லை. அது குடும்பங்களின் தலையில் இறங்கியிருக்கிறது. கல்விக்கடனை அடைக்கத் தொடங்கும் முன்பே டிசைன் மென்பொருள்களுக்கான தனியார் பயிற்சி மையங்களில் இன்னொரு கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கன்சல்டன்சிகளுக்குப் பணம் கட்டி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னைக்கு மீட்டு வரப்பட்டார்கள். அப்பா பொறியாளராக இருக்கும் வீட்டில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடக்க வேலை கிடைத்துவிடக்கூடும். அப்பா விவசாயக் கூலியாக இருக்கும் வீட்டில் அந்த அழைப்பைச் செய்ய ஆள் இல்லை. பயிற்சிப் பணிகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டுத் தேர்வு வழியாக நிரப்பப்பட்ட காலத்தில் இந்த வேறுபாடு ஓரளவு மட்டுப்பட்டிருந்தது. அவை மறைந்து, தெரிந்தவரின் சிபாரிசு மேலெழுந்திருப்பதால் கல்வியால் கடந்த சாதி, வர்க்க இடைவெளி வேலை வாசலில் மீண்டும் வந்து நிற்கிறது. சைட்டில் பெண்ணுக்கு வசதி இல்லை, இரவு ஷிஃப்ட் ஒத்துவராது என்று சொல்லி சிவில், மெக்கானிக்கல் படித்த பெண்களைத் திருப்பி அனுப்புவதும் இதன் தொடர்ச்சிதான்.

அரசின் கையில் கருவிகள் இல்லாமல் இல்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுபோயிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அது நல்ல மாணவரை உருவாக்கும் முயற்சி. ஆலைக்குள் ஓர் இடத்தை உருவாக்கும் முயற்சி அல்ல. மத்திய அரசு 2025இல் கொண்டுவந்த வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் முதல் முறை வேலைக்குச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரையும், நிறுவனத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வரையும் தருகிறது; அந்த வேலையில் அவர் எதையாவது கற்கிறாரா என்று அது கேட்பதில்லை. தமிழ்நாட்டின் 2024-25 நிதிநிலை அறிக்கை, பன்னாட்டு நிறுவனங்களின் உலகத் திறன் மையங்களில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளமுள்ள பணிகளுக்கு முதலாண்டில் 30 சதவீதமும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் முறையே 20, 10 சதவீதமும் சம்பள மானியம் அறிவித்தது. உயர்ந்த வேலைகளை ஈர்க்க இது உதவலாம். ஆனால் லட்ச ரூபாய்ச் சம்பளக்காரருக்கு 30,000 ரூபாய் தர மனமுள்ள பொதுப்பணம், பட்டதாரிப் பழகுநருக்கு, 2019இல் வகுத்தபடி, உதவித்தொகையில் பாதியான 4,500 ரூபாயோடு நின்றுவிட்டது முன்னுரிமைகளைப் பற்றிய தெளிவான வாக்குமூலம்.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. நிலமும் வரிச்சலுகையும் மின்கட்டணச் சலுகையும் பெறும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், மொத்த வேலைகளின் எண்ணிக்கையோடு பட்டதாரிப் பயிற்சிப் பணிகளின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும். அவை பொதுவில் அறிவிக்கப்பட்டுத் தேர்வு மூலம் நிரப்பப்பட வேண்டும். இரண்டாவதாக, பெரிய நிறுவனங்களிடம் பயிற்சித் தீர்வை வசூலித்து, பயிற்சி தருபவர்களுக்கு அதைத் திருப்பித் தரும் ஏற்பாடும் வேண்டும். சம்பளச் செலவு ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் பிரிட்டன் 2017 முதல் 0.5 சதவீதத்தை இப்படி வசூலிக்கிறது. அங்கே அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் மேல்பயிற்சிக்கே போய்விட்டதாக எழுந்த விமர்சனத்திலிருந்து பாடம் கற்று, இங்கே அதை முதல் முறை வேலைக்கு வருபவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். ஆளை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் இது பதில் தரும்: பயிற்சி தராத நிறுவனம் தீர்வையின் வழியாகத் தன் பங்கைச் செலுத்தியிருக்கும். மூன்றாவதாக, கல்லூரிகள் விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்ளும் பிளேஸ்மென்ட் சதவீதத்துக்குப் பதிலாக, பட்டம் பெற்று 18 மாதங்கள் கழித்து எத்தனை பேர் தாம் படித்த துறையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேறு வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பிரிவு வாரியாக அண்ணா பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கலந்தாய்வில் பங்கேற்கும் மாணவரின் கையில் அந்தத் தகவல் இருந்தால் பிரிவைத் தேர்வதிலும் கல்லூரியைத் தேர்வதிலும் அவர் ஏமாறமாட்டார்.

இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும், தொழில்முனைவோர் முணுமுணுப்பார்கள், முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்துபவர்களும் இருப்பார்கள். ஆனால் ஆலைகளைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வருவதில் சலுகைகளுக்கு இருக்கும் பங்கு இங்குள்ள படித்த இளைஞர்களுக்கும் உண்டு. அந்தப் படிப்பை உருவாக்க அரசு தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. கட்டணமும் கடனுமாகக் குடும்பங்கள் தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன. நான்காண்டு உழைப்பை மாணவர்கள் தந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பால் நேரடியாகப் பலன் பெறும் நிறுவனங்கள் மட்டும் கடைசி ஓராண்டின் பொறுப்பிலிருந்து விலகி நிற்பதை இனியும் சந்தையின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அது நாம் அனுமதித்த ஏற்பாடு; அனுமதித்ததை மாற்றவும் நம்மால் முடியும்.